விலாசம் இல்லாத விளம்பரம்!

தேர்தல் காலத்தில் நெல்லை ஜங்ஷனில் இருந்து பாபநாசத்துக்குப் பஸ்சில் போனால், கை நிறைய நோட்டீஸ் சேர்ந்துவிடும். சேரன்மாதேவியில் ஒரு கட்சிக்காரர் கொடுப்பார். கல்லிடைக்குறிச்சியில் இன்னொரு கட்சிக்காரர் கொடுப்பார். அம்பாசமுத்திரம் கடைத்தெருவில் சுயேச்சை வேட்பாளரின் ஆட்கள் கொடுப்பார்கள்.

அந்த நோட்டீசின் அடியைப் பாருங்கள். பொடி எழுத்தில் இரண்டு வரி இருக்கும். அச்சடித்தவர் பெயரும் விலாசமும் ஒரு வரி. வெளியிட்டவர் பெயரும் விலாசமும் இன்னொரு வரி.

அதை அழகுக்காகப் போடவில்லை. போடாவிட்டால் ஜெயில் உண்டு.

இன்று நோட்டீசை விட வேகமாக வீட்டுக்குள் வருவது செல்போன் விளம்பரம். பையன் யூடியூப்பில் பாட்டு கேட்கிறான். பாட்டுக்கு முன்னால் ஒரு தலைவர் வந்து ஓட்டுக் கேட்கிறார். அப்பா ஓ.டி.டி. என்று சொல்லப்படும் இன்டர்நெட் படக் கம்பெனியில் கிரிக்கெட் பார்க்கிறார். ஓவருக்கு ஓவர் ஒரு கட்சி விளம்பரம் வருகிறது. பத்து வினாடி ஓடுகிறது. பிறகு மறைந்துவிடுகிறது.

அதைக் கொடுத்தவர் யார்? பணம் எவ்வளவு? எத்தனை வீட்டில் காட்டினார்கள்? பல நேரங்களில் பார்த்தவருக்கு இது தெரிவதில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்கலாம் என்றால், அவர் போனில் வேறு விளம்பரம் ஓடியிருக்கும்.

காகிதத்துக்கு ஒரு நீதி, கண்ணாடித் திரைக்கு ஒரு நீதி இருக்கக் கூடாது. திரையில் காட்டும் தேர்தல் விளம்பரத்துக்கும் பதிவேடு வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் பார்க்க வேண்டும். இதுவே நாம் சொல்ல விரும்புவது.

நோட்டீசுக்கு உள்ள சட்டம்

1951-ம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 127-ஏ என்று ஒரு பிரிவு உண்டு. 1961-ம் ஆண்டில் அதைச் சேர்த்தார்கள்.

தேர்தல் நோட்டீஸ் அடிக்க வருகிறவர், தான் யார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு இரண்டு பிரதி கொடுக்க வேண்டும். அவரை நேரில் தெரிந்த இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அச்சடித்த பிறகு, அந்தக் கடிதத்தின் ஒரு பிரதியையும் நோட்டீசின் ஒரு பிரதியையும் அச்சகக்காரர் ஜில்லா மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பி வைக்க வேண்டும். நம் ஜில்லாவில் அது கொக்கிரகுளத்தில் இருக்கும் கலெக்டர் ஆபீசுக்குப் போகும்.

மீறினால் 6 மாதம் வரை ஜெயில். அல்லது 2 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம்.

இதனால் என்ன நன்மை? ஒருவரைப் பற்றி அபாண்டமாக நோட்டீஸ் அடித்தால், அடித்தது யார் என்று கண்டுபிடிக்கலாம். எத்தனை ஆயிரம் நோட்டீஸ் அடித்தார்கள் என்று அச்சகத்தில் விசாரிக்கலாம். அந்தச் செலவு வேட்பாளர் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று ஒத்துப் பார்க்கலாம்.

கணக்குப் பார்க்க ஒரு ரூபாய்

வேட்பாளர் இஷ்டம் போல் செலவு செய்ய முடியாது. தமிழ்நாட்டில் சட்டசபைத் தொகுதிக்கு 40 லட்சம் ரூபாய், பார்லிமெண்டுத் தொகுதிக்கு 95 லட்சம் ரூபாய் என்று 2022 ஜனவரியில் வரம்பு வைத்தார்கள்.

மனு தாக்கல் செய்த நாளில் இருந்து முடிவு வெளியாகும் நாள் வரை வேட்பாளர் செலவுக் கணக்கு எழுத வேண்டும். முடிவு வந்த 30 நாளுக்குள் ஜில்லா தேர்தல் அதிகாரியிடம் அதைக் கொடுக்க வேண்டும். சரியான காரணம் இல்லாமல் கொடுக்கத் தவறினால், 3 ஆண்டுகளுக்குத் தேர்தலில் நிற்க முடியாதபடி தேர்தல் கமிஷன் தடை போடலாம்.

அந்தக் கணக்கை யார் பார்க்கலாம்? யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 1961-ம் ஆண்டு தேர்தல் விதிகளின்படி கட்டணம் ஒரு ரூபாய். பாளையங்கோட்டை வக்கீலுக்கும் ஒரு ரூபாய்தான். பத்தமடையில் பாய் நெய்கிறவருக்கும் ஒரு ரூபாய்தான்.

கட்சிகள் செய்யும் பொதுவான பிரசாரச் செலவுக்கு வரம்பு இல்லை. ஆகவே, ஒரு விளம்பரம் கட்சிக்காகவா, வேட்பாளருக்காகவா என்று பிரித்துப் பார்ப்பது மிகவும் அவசியம். விளம்பரத்தின் பிரதி கையில் இருந்தால்தான் பிரிக்க முடியும்.

அம்பாசமுத்திரம் கல்வெட்டு

பொதுப் பணத்துக்குக் கணக்கு எழுதி ஊரார் பார்வைக்கு வைப்பது தாமிரபரணிக் கரைக்குப் புதிய பழக்கம் இல்லை.

அம்பாசமுத்திரம் எரிச்சாவுடையார் கோவிலில் 9-ம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. வரகுண பாண்டியன் அந்தக் கோவிலுக்கு 290 காசு கொடுத்ததை அது சொல்கிறது. பணத்தை வாங்கிக்கொண்டது இளங்கோக்குடி ஊர்ச் சபை. முதல் குறையக் கூடாது. ஒரு காசுக்கு ஆண்டுக்கு 2 கலம் நெல் வட்டி. ஆக மொத்தம் 580 கலம் நெல். அந்த நெல்லை எதெதற்குச் செலவு செய்ய வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது.

கொடுத்தவர் யார், வாங்கியவர் யார், தொகை எவ்வளவு, எதற்காக என்ற நான்கு கேள்விக்கும் அந்தக் கல்லில் பதில் இருக்கிறது. ஆயிரம் ஆண்டு கழித்தும் படிக்க முடிகிறது. செல்போன் விளம்பரத்துக்கும் இதே நான்கு கேள்விதான். அதற்குக் கல் தேவையில்லை. சில ஆண்டுகள் அழியாத பதிவேடு போதும்.

டெலிவிஷனுக்கு வந்த கட்டுப்பாடு

நோட்டீசுக்குப் பிறகு டெலிவிஷன் வந்தது. அதில் ஓடும் கட்சி விளம்பரத்தை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. ஜெமினி டி.வி. சம்பந்தப்பட்ட வழக்கில் 2004 ஏப்ரல் 13-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஒரு உத்தரவு போட்டது. டி.வி.யிலும் கேபிளிலும் தேர்தல் விளம்பரம் போடும் முன் அதிகாரிகளிடம் காட்டி, சான்றிதழ் வாங்க வேண்டும் என்பது அந்த உத்தரவு.

பதிவு செய்த கட்சியும் வேட்பாளரும் 3 நாளுக்கு முன்பே மனுக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் 7 நாளுக்கு முன்பே கொடுக்க வேண்டும். விளம்பரத்தின் இரண்டு பிரதியும், அதில் பேசும் வசனத்தின் எழுத்துப் பிரதியும் சேர்க்க வேண்டும். எடுக்க ஆன செலவு, ஒளிபரப்பக் கட்டணம், எத்தனை முறை ஓடும் என்பதைச் சொல்ல வேண்டும். பணத்தைச் செக்காகவோ டிராப்டாகவோ கொடுப்பதாக உறுதி கூற வேண்டும்.

வேட்பாளர் கொடுக்கும் மனுவை ஜில்லாவில் உள்ள குழு பார்க்கிறது. தமிழ்நாட்டில் தலைமை ஆபீஸ் உள்ள கட்சிகள் கொடுக்கும் மனுவை மாநிலக் குழு பார்க்கிறது.

பிறகு இன்டர்நெட் வந்தது. 2013 அக்டோபர் 25-ந் தேதி தேர்தல் கமிஷன் மற்றொரு உத்தரவு போட்டது. இன்டர்நெட்டில் போடும் தேர்தல் விளம்பரத்துக்கும் முன்சான்றிதழ் வேண்டும் என்றது. இன்டர்நெட் கம்பெனிகளுக்குக் கொடுத்த பணம், விளம்பரம் தயாரித்த செலவு, அந்த வேலை பார்க்கும் ஆட்களின் சம்பளம் எல்லாம் தேர்தல் கணக்கில் வர வேண்டும் என்றும் சொன்னது.

ஆகவே, சட்டமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சான்றிதழ் வாங்கும் விதி இருக்கிறது. கணக்குக் கொடுக்கும் விதி இருக்கிறது.

குறை எங்கே?

கணக்கு எழுதுவது விளம்பரம் கொடுத்தவர். காட்டிய கம்பெனியின் கணக்கும் அதோடு ஒத்துப் போகிறதா என்று பொதுமக்கள் பார்க்க வழி வேண்டும். அங்கேதான் குறை இருக்கிறது.

தேர்தல் நேரத்தில் அதிகாரிகள் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனியாக ஒரு நிழல் பதிவேடு வைக்கிறார்கள். கூட்டம், மேடை, கார், மைக் செலவைத் தாங்களே கணக்குப் போட்டு அதில் எழுதுகிறார்கள். மேடையைக் கண்ணால் பார்க்கலாம். காரை எண்ணலாம். போனில் ஓடும் விளம்பரத்தை எப்படி எண்ணுவது?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தடவை காட்ட 20 பைசா என்று வைத்துக்கொள்வோம். ஒரு தொகுதியில் 1 லட்சம் போன்களில் பத்துப் பத்துத் தடவை காட்டினால் 10 லட்சம் தடவை ஆகிறது. செலவு 2 லட்சம் ரூபாய். கணக்கில் 20 ஆயிரம் என்று எழுதினால், காட்டிய கம்பெனியின் பதிவேட்டைப் பார்க்காமல் யாரால் மறுக்க முடியும்?

சில கம்பெனிகள் தாமாகவே பதிவேடு வைத்திருக்கின்றன. இந்தியாவில் 2019 பார்லிமெண்டுத் தேர்தலின்போது கூகுள் கம்பெனி தேர்தல் விளம்பரப் பதிவேட்டைத் திறந்தது. யூடியூப் விளம்பரமும் அதில் சேரும். பேஸ்புக்கை நடத்தும் மெட்டா கம்பெனியும் அரசியல் விளம்பரங்களை 7 ஆண்டு வைத்திருக்கிறது. ஆனால் செலவை இத்தனையில் இருந்து இத்தனை வரை என்றுதான் காட்டுகிறது.

இது நல்ல காரியம். ஆனால் கம்பெனி மனம் வைத்துச் செய்வது வேறு. சட்டம் சொல்லிச் செய்வது வேறு. இன்டர்நெட் படக் கம்பெனிகள் எல்லாமே இப்படி ஒரு பதிவேட்டைத் திறந்து வைக்க வேண்டும் என்று நமது தேர்தல் சட்டத்தில் விதி இல்லை.

நெல்லை எக்ஸ்பிரசும் செல்போனும்

2024 பார்லிமெண்டுத் தேர்தலின்போது, ஏப்ரல் 6-ந் தேதி இரவு, சென்னையில் இருந்து வரும் நெல்லை எக்ஸ்பிரஸ் ரெயிலில் தாம்பரத்தில் சோதனை நடந்தது. சுமார் 4 கோடி ரூபாய் பிடிபட்டது. நாடே அதைப் பற்றிப் பேசியது.

ரெயிலில் வரும் பணத்தைப் பையைத் திறந்து பிடிக்கலாம். கம்ப்யூட்டரில் பட்டனைத் தட்டிக் கொடுக்கும் விளம்பரப் பணத்தை எந்த ரெயில் நிலையத்தில் பிடிப்பது? பதிவேட்டில்தான் பிடிக்க வேண்டும்.

49 ஓட்டு

பத்து வினாடி விளம்பரத்துக்கு இவ்வளவு கவலை ஏன் என்று சிலர் கேட்கலாம்.

நம் ஜில்லாவில் உள்ள ராதாபுரம் தொகுதியை நினைத்துப் பாருங்கள். 2016 சட்டசபைத் தேர்தலில் அ.தி.மு.க. வேட்பாளர் இன்பதுரை வெற்றி பெற்றார். தி.மு.க. வேட்பாளர் அப்பாவு தோற்றார். வித்தியாசம் 49 ஓட்டு. ஒரு தெருவில் உள்ள ஓட்டு!

அப்பாவு ஐகோர்ட்டில் வழக்குப் போட்டார். தபால் ஓட்டுகளையும் 19, 20, 21-வது சுற்று ஓட்டுகளையும் மறுபடி எண்ணும்படி 2019 அக்டோபரில் ஐகோர்ட்டு உத்தரவிட்டது. எண்ணவும் செய்தார்கள். முடிவை வெளியிட சுப்ரீம் கோர்ட்டு தடை விதித்தது.

யார் பக்கம் நியாயம் என்று பேசுவது நம் நோக்கம் அல்ல. கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2016-ல் போட்ட ஓட்டை 2019-ல் எண்ண முடிந்தது. ஏன்? பத்திரமாக வைத்திருந்தார்கள்.

2016-ல் ஒரு போனில் ஓடிய விளம்பரத்தை 2019-ல் கோர்ட்டு கேட்டிருந்தால் எங்கே தேடுவது? தேர்தல் வழக்கை முடிவு வந்த 45 நாளுக்குள் போட வேண்டும். விசாரணை முடியப் பல ஆண்டு ஆகலாம். அதுவரை சாட்சியம் அழியாமல் இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் நடந்தது

அமெரிக்காவில் டி.வி., ரேடியோ நிலையங்கள் அரசியல் விளம்பரக் கணக்கை 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இன்டர்நெட்டில் படம் காட்டும் கம்பெனிகளுக்கு அந்த மத்திய சட்டம் பொருந்தாது. அங்கேயும் அதே ஓட்டைதான்.

ஆனால் வாஷிங்டன் மாநிலத்தில் தனிச் சட்டம் உண்டு. தேர்தல் விளம்பரத்தை விற்கிறவர், வாங்கியவர் பெயர், விலாசம், தொகை எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும். கேட்பவருக்குக் காட்ட வேண்டும். மெட்டா கம்பெனி இதைச் சரியாகச் செய்யவில்லை என்று வழக்கு வந்தது. 800-க்கு மேற்பட்ட மீறல்களுக்காக 2022 அக்டோபரில் கோர்ட்டு 2 கோடியே 46 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. கம்பெனி எவ்வளவு பெரியதானாலும் சட்டத்தைக் கொண்டு கேள்வி கேட்க முடியும் என்பதற்கு இது சாட்சி.

ஐரோப்பிய யூனியனில் 2025 அக்டோபர் 10-ந் தேதி முதல் புதிய சட்டம் அமலுக்கு வந்தது. பதிவை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும். சட்டம் சிக்கலாக இருக்கிறது என்று சொல்லி, கூகுளும் மெட்டாவும் அங்கே அரசியல் விளம்பரம் வாங்குவதையே நிறுத்திவிட்டன.

இதில் நமக்கும் பாடம் இருக்கிறது. விதி கண்டிப்பாக இருக்க வேண்டும். ஆனால் எளிதாக இருக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் படித்தவர் நிரப்பக் கூடிய அளவுக்கு எளிதாக இருக்க வேண்டும்.

பதிவேட்டில் எழுத வேண்டியது

எட்டு விஷயம் போதும்.

1. விளம்பரத்தின் முழுப் பிரதி.
2. கொடுத்தவர் பெயரும் விலாசமும்.
3. பணம் கட்டியவர் வேறு ஆளாக இருந்தால் அவர் பெயரும் விலாசமும்.
4. எந்தக் கட்சிக்காக, எந்த வேட்பாளருக்காக என்பது.
5. கட்டிய தொகை எவ்வளவு, எந்த வழியில் என்பது.
6. ஓடத் தொடங்கிய தேதியும் நேரமும், நிறுத்திய தேதியும் நேரமும்.
7. எந்த ஊர், எந்தத் தொகுதியில், எத்தனை தடவை காட்டியது என்பது.
8. முன்சான்றிதழின் எண்ணும் தேதியும்.

ஆறாவது விஷயத்தை அலட்சியம் செய்யக் கூடாது. ஓட்டுப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்திய 48 மணி நேரத்தில் சினிமா, டெலிவிஷன், அது போன்ற சாதனங்களில் தேர்தல் பிரசாரம் காட்டக் கூடாது என்று சட்டத்தின் 126-வது பிரிவு சொல்கிறது. நேரம் எழுதி வைத்தால்தான் மீறலை நிரூபிக்க முடியும்.

மூன்றாவது விஷயமும் முக்கியம். வேட்பாளரின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல், அவருக்காக மற்றவர் விளம்பரச் செலவு செய்வது குற்றம். பின்னால் இருந்து பணம் கொடுப்பவர் பெயர் வெளியே வர வேண்டும்.

இந்தப் பதிவேட்டைக் கம்பெனி குறைந்தது 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஒரு பிரதி தேர்தல் அதிகாரிக்குப் போக வேண்டும். ஒரு ரூபாய் கட்டி வேட்பாளர் கணக்கைப் பார்ப்பது போல இதையும் பார்க்க வழி செய்ய வேண்டும். தமிழில் படிக்கும்படி இருக்க வேண்டும்.

சிறிய ஆட்களுக்குச் சிரமமா?

வண்ணார்பேட்டையில் ஒரு சிறிய அறையில் இருந்து யூடியூப் சேனல் நடத்தும் இளைஞருக்கு இவ்வளவு வேலை முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

தன் சொந்தக் கருத்தைச் சொல்கிறவர் பதிவேடு வைக்க வேண்டியதில்லை. சொந்தக் கணக்கில் எழுதும் கருத்துக்கும் போடும் படத்துக்கும் முன்சான்றிதழ் வேண்டாம் என்று தேர்தல் கமிஷனே சொல்லியிருக்கிறது. பேச்சுச் சுதந்திரத்தில் கை வைக்க நாம் சொல்லவில்லை.

காசு வாங்கிக்கொண்டு தேர்தல் விளம்பரம் போடுகிறவர்தான் எழுத வேண்டும். அவருக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். சின்ன அச்சகக்காரர்கள் 1961-ல் இருந்து நோட்டீசுக்கு இதைச் செய்து வருகிறார்கள். அவர்களால் முடிந்தது, உலகம் முழுவதும் வியாபாரம் செய்யும் பெரிய கம்பெனிகளால் முடியாதா?

பதிவேடு, காட்டுகிறவருக்கும் பாதுகாப்புதான். நாளைக்கு அதிகாரி வந்து கேட்டால், அவர் நோட்டை எடுத்துக் காட்டலாம். யாரோ செய்த குற்றம் தன் தலையில் விழாமல் தப்பிக்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது

சட்டம் வரட்டும் என்று சும்மா இருக்க வேண்டாம். வீட்டில் உள்ள எல்லோரும் இப்போதே செய்யக் கூடிய வேலை உண்டு.

போனில் தேர்தல் விளம்பரம் வந்தால், கொடுத்தவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இல்லாவிட்டால் திரையைப் படம் பிடித்து வையுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன பார்த்துக்கொண்டிருந்தபோது வந்தது என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள். படம் பிடிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் உதவலாம்.

பிறகு 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்து சொல்லலாம். கலெக்டர் ஆபீசில் விளம்பரங்களைக் கவனிக்கும் குழுவுக்கு மனுக் கொடுக்கலாம். பெயர் இல்லாத விளம்பரத்தை மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள். அனுப்பினால் நீங்களும் காசு வாங்காத ஏஜெண்டு ஆகிவிடுவீர்கள்.

உங்களிடம் ஓட்டுக் கேட்டு வருகிற வேட்பாளரிடம், "இன்டர்நெட் விளம்பரத்துக்கு எவ்வளவு செலவு? கணக்கில் எழுதினீர்களா?" என்று கேளுங்கள். கோபப்பட மாட்டார். ஓட்டுக் கேட்க வந்தவர் கோபப்பட முடியுமா?

தேர்தல் கமிஷனுக்கும் பார்லிமெண்டுக்கும் ஒரு வேண்டுகோள். 127-ஏ பிரிவில் நோட்டீசுக்கும் சுவரொட்டிக்கும் உள்ள கடமையை, பணம் வாங்கித் திரையில் விளம்பரம் காட்டும் எல்லாக் கம்பெனிக்கும் நீட்டுங்கள். அடுத்த தேர்தலுக்குள் செய்யுங்கள்.

ஓட்டு நம்முடையது. நம்மிடம் ஓட்டுக் கேட்டுக் காசு செலவு செய்கிறவர், தன் பெயரையும் விலாசத்தையும் சொல்லிவிட்டுக் கேட்கட்டும்!